கர்ப்பகால பிரஷர்: கர்ப்பிணிகளும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் பிரஷர் அதிகம் என்று சொல்லப்பட்ட பெண்ணும், அவருடன் வந்த தாயாரும் மாமியாரும் கணவரும், மருத்துவரிடம் ஒரு முறையும் வெளியே வந்தபின் செவிலியரிடம் பல முறையும் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தாய் இறப்புக்கான நேரடிக் காரணங்களில் உலக அளவில் இரத்தப்போக்கிற்கு அடுத்த இடத்தில் நிற்பது இந்த நோய்தான். உரிய நேரத்தில் கண்டறிந்துவிட்டால் பெரும்பாலான தாய்மார்களைக் காப்பாற்றிவிடலாம் என்பதால் சில பதில்கள் நீளமாகவே இருக்கின்றன. மருந்தின் பெயர்களும் அளவுகளும் உங்களுக்கு என்ன தரப்படுகிறது, ஏன் தரப்படுகிறது என்று புரிவதற்காக எழுதப்பட்டவை. அவற்றைப் பார்த்து யாரும் தாமாக மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

ஆறு மாசம் வரைக்கும் நார்மல்னுதான் சொன்னாங்க. திடீர்னு பிரஷர் எங்கிருந்து வந்தது?

கர்ப்பத்தின் தொடக்கத்தில், நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் பதியும்போது, அங்குள்ள குறுகிய சுருள் தமனிகள் அகன்று, குழந்தைக்குத் தாராளமாக இரத்தம் போகும்படி மாற வேண்டும். சிலருக்கு இந்த மாற்றம் முழுமையாக நடப்பதில்லை. போதிய இரத்தம் பெறாத நஞ்சுக்கொடியிலிருந்து வெளியாகும் சில புரதங்கள் தாயின் உடல் முழுவதும் இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன. ஆகவே நோயின் வித்து முதல் சில மாதங்களிலேயே விழுந்துவிட்டாலும், அது வெளியே தெரிவது பெரும்பாலும் ஆறாம், ஏழாம் மாதத்திற்குப் பிறகுதான்.

140/90 அல்லது அதற்கு மேற்பட்ட அளவு, குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பதிவானால் அது உயர் இரத்த அழுத்தம். 20 வாரத்திற்கு முன்பே இருந்தால் அது கர்ப்பத்திற்கு முந்தியே இருந்த நோய். 20 வாரத்திற்குப் பின் புதிதாக வந்தால் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம். அத்துடன் சிறுநீரில் புரதமோ மற்ற உறுப்புகளில் பாதிப்போ சேர்ந்தால் அது பிரீ-எக்லாம்ப்சியா. 160/110-ஐத் தொட்டுவிட்டால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க முடியாது. மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து இருப்பதால், அந்த அளவை ஒரு மணி நேரத்திற்குள் மருந்து கொடுத்துக் குறைக்க வேண்டும்.

எனக்கு ஒண்ணுமே பண்ணலையே டாக்டர், தலைசுத்தல்கூட இல்ல. மிஷின் தப்பா காட்டுதோ?

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இந்த நோயின் இயல்பு. 150/100 அளவோடு வீட்டு வேலை எல்லாம் செய்துவிட்டு, பேருந்தில் நின்றபடி வந்து சேரும் பெண்கள் ஏராளம். உடம்பு சொல்லும் என்று காத்திருந்தால், அது சொல்லும் நேரத்தில் நோய் முற்றியிருக்கும்.

இயந்திரம் தவறாகக் காட்டுவதும் உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் அளக்கும் முறை. படியேறி வந்த மூச்சிரைப்போடு, வரிசையில் நின்றபடியே கையை நீட்டி, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்களைப் பின்னிக்கொள்ளாமல் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். மல்லாந்து படுத்த நிலையில் அளக்கக் கூடாது. பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு முறை அதிகமாகக் காட்டினால் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் அளக்கும்படி நீங்களே கேட்கலாம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. வீட்டில் கருவி வைத்திருப்பவர்கள் அதை ஒரு முறை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

கால் வீங்குறது எல்லாருக்கும் வர்றதுதானே? எங்க அம்மாவுக்கும் வந்துச்சாம்.

கணுக்கால் வீக்கம் நலமான கர்ப்பத்திலும் வரும். அதை மட்டும் வைத்து இந்த நோயைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் காலையில் எழும்போதே முகம் உப்பியிருப்பது, மோதிரமும் வளையலும் திடீரென்று இறுகுவது, ஒரே வாரத்தில் எடை ஒரு கிலோவுக்கு மேல் ஏறுவது ஆகியவை அன்றே பிரஷர் பார்க்க வேண்டிய அறிகுறிகள். வீக்கமே இல்லாமலும் கடுமையான பிரீ-எக்லாம்ப்சியா வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

யூரின்ல உப்பு போகுதுன்னு சொன்னாங்க. சாப்பாட்டுல உப்பைக் குறைச்சா சரியாயிடுமா?

ஆகாது. அங்கே உப்பு என்று பேச்சுவழக்கில் குறிப்பிடப்படுவது அல்புமின் என்ற புரதம். இரத்தத்தில் தங்க வேண்டிய அந்தப் புரதம், சிறுநீரகத்தின் வடிகட்டி பாதிக்கப்பட்டதால் வெளியேறுகிறது. சாப்பாட்டில் போடும் உப்போடு அதற்குத் தொடர்பில்லை. உப்பில்லாக் கஞ்சி குடித்து, ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கியதால் பிரீ-எக்லாம்ப்சியா வராமல் போனதாகவோ வந்தது குணமானதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. சுவையில்லாமல் சாப்பாடு இறங்காமல் போய், ஏற்கெனவே எடை குறைந்த குழந்தைக்கு அதுவும் ஒரு பாதிப்பாக முடிகிறது. கர்ப்பத்திற்கு முன்பிருந்தே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் முன்பு கடைப்பிடித்த அளவான உப்பையே தொடரலாம்.

சிறுநீரில் குச்சியை நனைத்து நிறம் பார்ப்பது முதற்கட்டச் சோதனை. அதில் ஒன்று அல்லது அதற்கு மேல் வந்தால் புரதத்திற்கும், கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பார்கள், 0.3-ஐ எட்டினால் நோய் உறுதியாகிறது. புரதமே இல்லாவிட்டாலும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒரு லட்சத்திற்குக் கீழே இறங்கினாலோ, ஈரல் நொதிகள் இரு மடங்கானாலோ, இரத்தத்தில் கிரியாட்டினின் 1.1-ஐத் தாண்டினாலோ அதுவும் பிரீ-எக்லாம்ப்சியாதான். சிறுநீர்ச் சோதனை சரியாக இருக்கும்போது எதற்கு இரத்தம் எடுக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

எனக்கு ஏன் ஆஸ்பிரின் எழுதியிருக்காங்க? அது ஹார்ட் மாத்திரை ஆச்சே?

முந்தைய கர்ப்பத்தில் இந்த நோய் வந்தவர்கள், ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை, சிறுநீரக நோய் அல்லது லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். முதல் கர்ப்பம், உடற்பருமன், 35 வயதைத் தாண்டியது, தாய்க்கோ அக்கா தங்கைக்கோ இதே நோய் வந்திருப்பது ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்தாலும் ஆபத்து கூடும். இவர்களுக்குச் சிறிய அளவு ஆஸ்பிரின் தரும்போது, அது முதல் பதிலில் சொன்ன நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டத்திற்கு உதவுகிறது. 2017-இல் வெளியான ஆஸ்பிரே என்னும் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களில் ஒரு பாதியினர் இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டனர். 37 வாரத்திற்கு முன்பே பிரசவிக்க வேண்டிய அளவுக்கு முற்றும் பிரீ-எக்லாம்ப்சியா, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு வந்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் அது 1.6 சதவீதம்.

இதில் முக்கியமானது காலம். 12 வாரத்திற்குப் பின், 16 வாரத்திற்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஏழாம் மாதத்தில் பிரஷர் ஏறிய பிறகு தொடங்குவதில் பயனில்லை. அதனால்தான் மூன்றாம் மாதத்திற்குள் பதிவு செய்யுங்கள் என்று கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து வற்புறுத்துகிறார். சுண்ணாம்புச் சத்து குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்குக் கால்சியம் மாத்திரையும் இந்த நோயைத் தடுக்க உதவுகிறது; அதையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல், சில மணி நேர இடைவெளி விட்டுச் சாப்பிட வேண்டும்.

பிரஷர் மாத்திரை சாப்பிட்டா குழந்தைக்கு ஏதாவது ஆயிடாதா? பயந்துகிட்டு நான் பாதிதான் சாப்பிடுறேன்.

லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோப்பா ஆகிய மூன்றும் கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் மாத்திரைகள். இந்த மூன்றையும் ஒப்பிட்ட முக்கியமான ஆய்வு ஒன்று நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் நடந்து 2019-இல் வெளியானது. கடுமையான பிரஷரோடு வந்த 894 பெண்களுக்கு இவற்றில் ஏதேனும் ஒன்றை வாய்வழியாகக் கொடுத்ததில், மூன்றுமே பெரும்பாலானவர்களுக்குப் பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்தன. நரம்பு ஊசிக்கு வசதியில்லாத இடத்திலும் ஒரு மாத்திரையால் தாயைக் காக்க முடியும் என்று காட்டிய ஆய்வு அது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் லேபெட்டலால் அவர்களுக்கு ஏற்றதல்ல.

பாதி மாத்திரை சாப்பிடுவதால் குழந்தைக்கு நன்மை ஏதுமில்லை. பிரஷர் ஏறி இறங்கி, தாய்க்கு ஆபத்து மிகும். ஆனால் இந்தப் பயத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. கர்ப்பத்திற்கு முன்பே எனலாபிரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற மாத்திரைகளைச் சாப்பிட்டுவந்தவர்கள் அவற்றைத் தொடரக் கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனேயே மருத்துவரிடம் சென்று வேறு மாத்திரைக்கு மாற வேண்டும். மாற்று மாத்திரை இல்லாமல் வெறுமனே நிறுத்திவிடுவதும் தவறு.

திடீர்னு ஜன்னி வந்து இழுத்துக்கும்னு பாட்டி பயமுறுத்துறாங்க. அது எப்போ வரும்?

பாட்டி சொல்வது உண்மையில் நடப்பதுதான். பிரீ-எக்லாம்ப்சியா முற்றி வலிப்பு வரும் நிலைக்கு எக்லாம்ப்சியா என்று பெயர். பிரசவத்திற்கு முன்பும், வலியின் போதும், குழந்தை பிறந்த பிறகும் வரலாம். பலருக்கு அதற்கு முன் எச்சரிக்கை கிடைக்கிறது: மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது அல்லது பார்வை மங்குவது, நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ வலி, வாந்தி, மூச்சுத்திணறல். இவற்றில் அதிகம் ஏமாற்றுவது நெஞ்சுக்குழி வலி. வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு இரவைக் கழித்துவிடுகிறார்கள். ஈரல் வீங்குவதால் வரும் வலியும் அதே இடத்தில்தான் வரும். சிவப்பணுக்கள் உடைந்து, ஈரல் நொதிகள் ஏறி, தட்டணுக்கள் குறையும் ‘ஹெல்ப்’ எனப்படும் மோசமான நிலை பெரும்பாலும் இந்த வலியோடுதான் தொடங்குகிறது. ஏழாம் மாதத்திற்குப் பிறகு நெஞ்சுக்குழி வலி என்றால் முதலில் பிரஷரைப் பார்க்க வேண்டும். வாயுவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லிடுக்கில் கரண்டி வைப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, அருகில் உள்ள கூரான பொருள்களை அகற்றி, 108-ஐ அழைத்து, கர்ப்பிணிக்கு வலிப்பு என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

பிட்டத்துல ரெண்டு பக்கமும் பெரிய ஊசி போட்டாங்க. உடம்பெல்லாம் எரியுதுன்னு அழுறா. அது எதுக்கு?

அது மெக்னீசியம் சல்ஃபேட். வலிப்பு வந்தவர்களுக்கு அது மறுபடியும் வராமலிருக்கவும், கடுமையான பிரீ-எக்லாம்ப்சியா உள்ளவர்களுக்கு முதல் வலிப்பே வராமலிருக்கவும் தருகிறார்கள். 2002-இல் வெளியான மேக்பை ஆய்வில், 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். இந்த மருந்து வலிப்பின் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. நம் மருத்துவமனைகளில் பரவலாக உள்ள முறையில், முதலில் 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாகவும், இரு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம் தசையிலும் போடப்படுகிறது; பிறகு நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை 5 கிராம், பிரசவத்திற்கோ கடைசி வலிப்பிற்கோ பின் 24 மணி நேரம் வரை. நரம்பில் ஏறும்போது முகமும் உடலும் தீப்பற்றியதுபோல் எரியும், சற்று நேரத்தில் தணியும். தசையில் போட்ட இடம் நன்றாகவே வலிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பெண் பயப்படமாட்டார்; சொல்லாமல் போடுவது எங்கள் தரப்பில் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம்.

அடுத்த ஊசிக்கு முன் ஒவ்வொரு முறையும் செவிலியர் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பதையும், மூச்சை எண்ணுவதையும், சிறுநீர்ப் பையைப் பார்ப்பதையும் கவனித்திருப்பீர்கள். இந்த மருந்து இரத்தத்தில் அளவு மீறினால் முதலில் முழங்கால் அசைவு மறையும், அதன்பின் மூச்சு குறையும். மருந்து வெளியேறுவது சிறுநீர் வழியாக என்பதால், நான்கு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்குக் குறைவாகச் சிறுநீர் வந்தால் அடுத்த ஊசியை நிறுத்திவைப்பார்கள். மெக்னீசியத்தின் விளைவை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கட்டிலருகிலேயே தயாராக இருக்கும்.

இன்னும் ஒரு மாசம் இருக்கே, இப்பவே எடுத்தா குழந்தை தாங்குமா? கொஞ்சம் தள்ளிப்போடக் கூடாதா?

இந்த நோயில் மிகக் கடினமான முடிவு இதுதான். மருத்துவர்களும் எளிதாக எடுப்பதில்லை. நோயின் மூலம் நஞ்சுக்கொடி என்பதால், அது வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். மாத்திரை மூளையைக் காக்கிறது, மெக்னீசியம் வலிப்பைத் தடுக்கிறது, ஆனால் இரண்டும் நோயை நிறுத்துவதில்லை. கடுமை இல்லாத பிரீ-எக்லாம்ப்சியாவில் 37 வாரம் வரை காத்திருந்து, அதன்பின் தள்ளிப்போடாமல் பிரசவத்திற்கு ஏற்பாடு செய்வது வழக்கம். கடுமையான அறிகுறிகள் இருந்தால் 34 வாரம் நிறைந்தபின் காத்திருப்பதில்லை. 34-க்கு முன் என்றால், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் சேர்த்து, குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, தினமும் தாயையும் குழந்தையையும் பார்த்தபடி எத்தனை நாள் கூடுதலாகக் கிடைக்கிறதோ அத்தனை நாளைப் பெற முயல்வார்கள். வலிப்பு, கட்டுப்படாத பிரஷர், ஹெல்ப் நிலை, நஞ்சுக்கொடி பிரிதல், நுரையீரலில் நீர் கோத்தல் இவற்றில் ஏதாவது வந்துவிட்டால் எத்தனை வாரமானாலும் பிரசவம் செய்தாக வேண்டும்.

உள்ளே இருந்தால் குழந்தை எடை போடும் என்ற எண்ணம் இங்கே எப்போதும் பொருந்தாது. இரத்த ஓட்டம் குறைந்த நஞ்சுக்கொடியோடு இருக்கும் குழந்தை பல நேரங்களில் வளர்வதை நிறுத்திவிடும். டாப்ளர் ஸ்கேன் எடுப்பது அந்த இரத்த ஓட்டத்தைப் பார்க்கத்தான். நல்ல நேரம் பார்த்து வருகிறோம், அமாவாசை கழியட்டும் என்று கேட்கும் குடும்பங்களின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் கடுமையான பிரீ-எக்லாம்ப்சியாவில் சில மணி நேரத்திற்குள் நிலைமை தலைகீழாகிவிடும் என்பதால், நாள் பார்ப்பதற்கு அங்கே இடமில்லை. இன்னொன்று: பிரஷர் என்றாலே சிசேரியன் என்பது தவறான எண்ணம். கருப்பைவாய் பக்குவமாக இருந்து, தாயும் குழந்தையும் தாங்கும் நிலையில் இருந்தால், வலி வரவழைத்துச் சுகப்பிரசவத்திற்கு முயல்வதே முறை.

வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க போய் காட்டிக்கிட்டா போதுமா?

போகலாம், வெறுங்கையோடு போகக் கூடாது. ஏழாம், ஒன்பதாம் மாதத்தில் ஊர் மாறுவது நம் வழக்கம். இந்த நோய் தலைகாட்டுவதும் அதே மாதங்களில்தான். புதிய ஊரில் பார்க்கும் மருத்துவருக்கு, ஐந்தாம் மாதத்தில் உங்கள் பிரஷர் 100/60 ஆக இருந்தது தெரியாவிட்டால், இன்றைய 136/88 எவ்வளவு பெரிய ஏற்றம் என்பதும் தெரியாது. தாய்-சேய் நல அட்டை, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்), இரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஸ்கேன் அறிக்கைகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். போகுமுன் இந்த ஊர்ச் செவிலியரிடமும், போனவுடன் அந்த ஊர்ச் செவிலியரிடமும் சொல்லுங்கள். ஏற்கெனவே பிரஷர் இருப்பவர்கள், அம்மா வீட்டிலிருந்து இரவில் எந்தச் சீமாங் மையத்திற்கு (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்), எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பதைப் பார்த்த பிறகே கிளம்ப வேண்டும். இரத்த வங்கியும் இருபத்துநான்கு மணி நேர அறுவை அரங்கும் அங்கேதான் உண்டு.

குழந்தை பொறந்தாச்சு, பிரஷரும் இறங்கிடுச்சு. இனி மாத்திரை எதுக்கு?

பிறந்த மறுநாள் இறங்கும் பிரஷர், மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை மறுபடியும் ஏறும். அந்தச் சமயத்தில்தான் தாய் வீட்டுக்குப் போயிருப்பார், எல்லோர் கண்ணும் குழந்தைமேல் இருக்கும். பிரசவத்திற்குப் பிந்தைய வலிப்பில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் வந்தாலும், வீட்டுக்குப் போன பின்பும் வரலாம். ஆகவே மூன்றாம் நாளும், ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள்ளும் பிரஷர் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரையைக் குறைப்பது அந்த அளவுகளைப் பார்த்துத்தான். தாய்ப்பால் கொடுப்பதற்கு இது தடையில்லை. கர்ப்பத்தில் விலக்கிய எனலாபிரிலைக்கூடப் பால் கொடுக்கும் தாய்க்குத் தரலாம்.

பிரசவித்த பெண்ணுக்குத் தலை வலித்தால், சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்றோ, தலைக்கு ஊற்றியதால் நீர் கோத்துக்கொண்டது என்றோ சொல்லி விட்டுவிடுகிறார்கள். முதுகு ஊசியால் வரும் தலைவலி உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும். படுத்தும் குறையாத தலைவலியில் பிரஷர் முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். எந்தத் தலைவலியானாலும் பிரஷரைப் பார்த்த பிறகே வேறு காரணம் தேட வேண்டும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா? அப்புறம் வாழ்நாள் முழுக்க பிரஷர் இருக்குமா?

ஒரு முறை பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வருகிறது. 34 வாரத்திற்கு முன்பே பிரசவிக்க நேர்ந்தவர்களுக்கு அது மூன்றில் ஒருவர். மற்றவர்களுக்கு வராமலே போகிறது என்பதால் அடுத்த குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுக்கத் தேவையில்லை. போதிய இடைவெளி விட்டு, எடையைக் குறைத்து, நாள் தள்ளிய உடனே பதிவு செய்து, ஆஸ்பிரின் பற்றிய பதிலில் சொன்ன காலத்திற்குள் மாத்திரையைத் தொடங்கினால் போதும். இடைவெளிக்கு காப்பர்-டி பொருத்தமானது. பிரஷர் இன்னும் உயர்ந்திருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும்.

பிரசவித்து 12 வாரத்திற்குள் பிரஷர் பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பிவிடும். அதற்குப் பின்னும் 140/90-க்கு மேல் நின்றாலோ, சிறுநீரில் புரதம் தொடர்ந்து போனாலோ, அது கர்ப்பத்தால் வந்ததன்று என்று கொண்டு சிறுநீரகம் உட்பட மற்றக் காரணங்களைத் தேட வேண்டும். இயல்புக்குத் திரும்பியவர்களுக்கும், பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அப்படி வரும் பணியாளரிடம், பிரசவத்தின்போது எனக்குப் பிரஷர் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். நாற்பது வயதில் இதய மருத்துவரைப் பார்க்க நேர்ந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். அவர் கேட்காமல் விட்டுவிடக்கூடிய தகவல் அது.